பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் மேல்நிலை உயிரியலுக்கு ஆயத்தமாவது எப்படி?

கன்னங்குறிச்சி மாணவி | ஏப்ரல் 19

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்துவிட்டேன். அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுக்க இருக்கிறேன். மருத்துவம் கிடைத்தால் மருத்துவம், இல்லையென்றால் வேளாண்மை என்பது என் எண்ணம்.

பெரியம்மா மகள் தன்னுடைய பழைய பாடநூல்களைக் கொடுத்தாள். உயிரியல் தாவரவியல், உயிரியல் விலங்கியல் என்று இரண்டு தனி நூல்கள். முன்னதில் 15 பாடங்கள், பின்னதில் 12 பாடங்கள். நேற்று முதல் பாடத்தை எடுத்து இருபது பக்கம் படித்தேன். படித்து முடித்தபின் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தால் ஏழெட்டுப் பெயர்கள்தாம் வந்தன. அவற்றிலும் இரண்டு தவறு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எனக்கு நல்ல மதிப்பெண் வரும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் இந்தப் புத்தகம் வேறு ஏதோ ஒரு மொழியில் எழுதப்பட்டதுபோல இருக்கிறது.

ஏறத்தாழ ஆறு வாரங்கள் கையில் இருக்கின்றன. பாடங்களை முன்கூட்டியே முடித்துவிட வேண்டுமா, அல்லது வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்வது இப்போதைக்கு இயலாது.

ஆத்தூர்க்காரன் | ஏப்ரல் 19

இரண்டு முறை நீட் எழுதிவிட்டு இப்போது வேளாண்மை படித்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். 720 மதிப்பெண்ணில் 360 அதற்கே உரியது. ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம்தான் கிடைக்கும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். அந்த வேகத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, நினைவில் இருந்தே வர வேண்டும். ஆகவே, கோடையிலேயே இரண்டு நூல்களையும் வரி வரியாக ஒரு முறை படித்து முடித்துவிடுவதுதான் நல்லது. புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜூன் மாதம் ஆசிரியர் நடத்தும்போது இரண்டாம் முறை ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டால் 27 நாட்களில் முடியும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் | ஏப்ரல் 20

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேலம் மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தியவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூர் நண்பர் சொல்லும் கணக்கு சரி, வழி சரியில்லை. புரியாமல் ஒரு முறை படித்த பாடம் இரண்டாம் முறை எளிதாகிவிடும் என்பது என் அனுபவத்தில் உண்மையல்ல. பல பிள்ளைகளுக்கு அது "இதை நாம் ஏற்கெனவே பார்த்தோம்" என்ற பொய்யான நிம்மதியை மட்டும் கொடுத்து, வகுப்பில் கவனத்தைக் கலைத்துவிடும். அம்மா, நீ இருபது பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தாயே, அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சோதித்துப் பார்க்கும் மாணவர்கள் குறைவு.

பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையில் உயிரியலில் மாறுவது பாடத்தின் அளவு மட்டுமன்று. கீழ் வகுப்பில் ஒரு பூவின் பாகங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மேல் வகுப்பில் அந்தப் பூவைக் கையில் எடுத்து, எத்தனை, எது எதனோடு இணைந்திருக்கிறது, எது மேலே எது கீழே என்று பார்த்து, அதை ஒரு வரைபடமாகவும் ஒரு மலர் வாய்ப்பாடாகவும் சுருக்கி எழுதத் தெரிய வேண்டும். இதை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இருபது குடும்பங்கள் இருபது தனிச் சுமைகள். பூவைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு இரண்டு பூக்களுக்குப் பிறகு மூன்றாவது தானாக வரும். பள்ளி திறந்தபின் எல்லாப் பாடங்களுக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது பூவைப் பிரிக்க எவருக்கும் நேரம் இருக்காது. கோடைக்கென்று உள்ள வேலை அதுதான்.

எனவே, முதல் பாடத்திலிருந்து தொடங்காதே. தாவரவியல் நூலின் மூன்றாம், நான்காம் பாடங்களிலிருந்து தொடங்கு; ஒன்று வேர், தண்டு, இலை பற்றியது, மற்றது பூ, கனி, விதை பற்றியது. இந்தப் பாடங்களுக்கான பொருள்களெல்லாம் கோடையில் உன் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. சேலத்தில் பிறந்த பிள்ளைக்கு மரவள்ளிக் கிழங்கு தெரியாமல் இருக்காது. உருளைக்கிழங்கை நறுக்கி நட்டால் முளைக்கும். மரவள்ளிக்குக் கிழங்கை எவரும் நடுவதில்லை, குச்சியைத்தான் நடுவார்கள். ஏன்? உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் தண்டு; அதன் "கண்" ஒவ்வொன்றும் ஒரு கணு, அங்கே மொட்டு இருக்கிறது. மரவள்ளி வேர், வேரில் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. "தண்டின் உருமாற்றம், வேரின் உருமாற்றம்" என்று புத்தகத்தில் பல பக்கங்களில் வருவது இந்த ஒரு கேள்விக்கான விடையின் விரிவுதான்.

அடுத்து மாம்பழம். மல்கோவாவோ சேலம் குண்டோ, எதுவாயினும் உண்ணும்போது மூன்று உறைகளையும் அடையாளம் கண்டுகொள். தோல் கனியின் வெளியுறை, சதை நடுவுறை, கொட்டையின் கெட்டியான ஓடு உள்ளுறை. நாம் கொட்டை என்று சொல்வதன் ஓடு விதையின் பகுதியன்று, கனியின் பகுதி. அதை உடைத்தால் உள்ளே இருப்பதுதான் விதை. இப்படிப்பட்ட கனிக்கு ட்ரூப் என்று பெயர். தேங்காயும் அதே வகைதான், ஆனால் அங்கே நடுவுறை நாராகிவிட்டது. பலாப்பழம் ஒரு பூவின் கனி அன்று, ஒரு மஞ்சரி (பூங்கொத்து) முழுவதும் சேர்ந்து உருவான கனி. சீத்தாப்பழமோ ஒரே பூவின் பல சூலிலைகள் (சூலகத்தின் அலகுகள்) சேர்ந்து உருவானது. சந்தையில் இருந்து வரும் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, குறுக்காக ஒரு வெட்டு, நெடுக்காக ஒரு வெட்டு என்று படம் வரைந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பூவுக்குச் சங்குப்பூவை எடுத்துக்கொள். பட்டாணிக் குடும்பத்துக்கு அதுதான் மாதிரித் தாவரம். ஒரு கொடியல்லி, இரண்டு சிறகல்லிகள், இரண்டு படகல்லிகள் என ஐந்து அல்லிகள் (இதழ்கள்). பத்து மகரந்தத்தாள்களில் ஒன்பது இணைந்தும் ஒன்று தனித்தும் இருக்கும். சூலகம் ஒரே சூலிலையால் ஆனது, சூல்கள் அதன் விளிம்பில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஊசியால் மெதுவாகப் பிரித்து ஒவ்வொன்றையும் எண்ணு. அதற்குப் பிறகு செம்பருத்தியைப் பிரித்தால், மகரந்தத்தாள்கள் அனைத்தும் ஒரே குழலாக இணைந்திருப்பதைக் கண்டு வியப்பாய். ஊமத்தையும் புத்தகத்தில் வருகிறது. ஆனால் அது நச்சுச் செடி என்பதால் அதைத் தொட்டபின் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொண்டுவரவே வேண்டாம்.

சொற்களைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஓமலூர் தாய் | ஏப்ரல் 20

ஐயா, என் மகனும் இந்த ஆண்டு அதே பிரிவில்தான் சேர்கிறான். நுண்ணோக்கி வாங்கித் தர வேண்டுமா? கடையில் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் | ஏப்ரல் 21

வேண்டியதில்லை அம்மா. பூவைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை போதும்; கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்வார்களே, அதுவும் உதவும். (கன்னங்குறிச்சிப் பெண்ணே, உன் அப்பாவின் பட்டறையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்.) செல்லையே பார்க்க வேண்டும் என்றால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்த ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கி உண்டு, 140 மடங்கு பெரிதாக்கும், விலையும் மிகக் குறைவு. வெங்காயத்தின் உள்தோலை உரித்து அதன் கீழ் வைத்தால் செல்கள் செங்கல் அடுக்கியதுபோலத் தெரியும்.

இனி சொற்கள். தமிழ் வழி மாணவர்கள் ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நீட் தேர்வைத் தமிழில் எழுத விரும்புவோருக்குக் கொடுக்கப்படும் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே இரண்டு சொற்களும் தெரிந்திருப்பது வேறு வழியில்லாத தேவை. அதற்காக இரண்டு பட்டியல்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்து, பக்கத்தை மூன்றாகக் கோடிட்டு, முதலில் தமிழ்ச் சொல், நடுவில் ஆங்கிலச் சொல், கடைசியில் அச்சொல்லின் பொருள் என்று எழுது. பசுங்கணிகம் என்பதற்குக் குளோரோபிளாஸ்ட். "குளோரோ" என்றால் பச்சை. இலைத்துளைக்கு ஸ்டொமேட்டா, கிரேக்கத்தில் "ஸ்டோமா" என்றால் வாய். இலையின் நடுப்பகுதித் திசுவுக்கு மீசோஃபில். "மீசோ" நடு, "ஃபில்" இலை. இதைத் தெரிந்துகொண்டவளுக்குக் குளோரோஃபில் என்பது "இலைப்பச்சை" என்று தானே விளங்கிவிடும். நாற்பது, ஐம்பது வேர்ச்சொற்கள் போதும். "வேறு மொழியில் எழுதப்பட்டதுபோல" என்று எழுதியிருந்தாயே, அது உண்மையிலேயே வேறு மொழிதான், அதற்கு இந்த நோட்டு ஓர் அகராதி.

தமிழ்ச் சொற்களையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஆஸ்மோசிஸ் என்பதைவிடச் "சவ்வூடுபரவல்" என்ற சொல் நடப்பதை நடந்தபடியே சொல்கிறது. சவ்வின் ஊடாகப் பரவுகிறது, அவ்வளவுதான்.

ஆத்தூர்க்காரன் | ஏப்ரல் 21

ஐயா சொல்வதில் சொல் நோட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாம்பழமும் சங்குப்பூவும் எத்தனை மதிப்பெண் தரும்? எனக்கு இரண்டு முறையும் காலை வாரியவை செல் உயிரியலும் உடற்செயலியலும்தாம், பூ அன்று. ஆறு வாரத்தையும் பூவுக்கே கொடுத்துவிட்டால் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் செப்டம்பரில் வந்து மூச்சுத் திணற வைக்கும்.

அஸ்தம்பட்டி மருத்துவ மாணவி | ஏப்ரல் 22

இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ஆத்தூர் அண்ணன் சொன்ன சிக்கலின் வேர் உயிரியலில் இல்லை, வேதியியலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் பதினொன்றாம் வகுப்பில் உயிரி மூலக்கூறுகள் பாடத்தில் திணறியவள்தான். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன, நீர் ஏன் முனைவுத் தன்மை உடையது, ஓர் அமிலம் எதை விட்டுக்கொடுக்கிறது, ஆக்ஸிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பது என்ற நான்கு செய்திகள் தெளிவாக இல்லாததே காரணம் என்று தெரிந்தது. சுவாசம் பாடம் முழுவதும் எலக்ட்ரான்கள் கைமாறும் கதை. அது தெரியாதவர்களுக்கு அது பெயர்களின் ஊர்வலம். எனவே, கோடையில் பத்தாம் வகுப்பு வேதியியலை ஒரு வாரம் திருப்பிப் பார்ப்பது, பதினொன்றாம் வகுப்பு உயிரியலை ஒரு வாரம் முன்கூட்டிப் படிப்பதைவிட அதிகப் பயன் தரும்.

விலங்கியல் பற்றி எவரும் இதுவரை பேசவில்லை. மாநிலப் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் சரிபாதி, அதாவது 35, விலங்கியலுக்கு உரியது. மனித உடற்செயலியலைப் படிக்கும்போது எண்களை மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டுப் பழகுங்கள். இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறத்தாழ ஐந்து லிட்டர். நம் உடலில் உள்ள இரத்தத்தின் அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே, மொத்த இரத்தத்துக்கு நிகரான அளவு ஒவ்வொரு நிமிடமும் இதயத்தைக் கடந்து செல்கிறது. சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 180 லிட்டர். ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி 178 லிட்டருக்கு மேல் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் படத்தைப் பாருங்கள். மீள உறிஞ்சுதல் என்ற சொல்லை அதன்பிறகு மறக்க முடியாது.

மண்புழு, கரப்பான், தவளை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் படிக்காமல், ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். மண்புழுவின் இரத்தம் சிவப்பு, கரப்பானின் இரத்தம் நிறமற்றது. ஏன்? கரப்பானில் ஆக்ஸிஜன் மூச்சுக்குழல்கள் வழியாக நேராகத் திசுக்களுக்கே போய்விடுகிறது. இரத்தம் அதைச் சுமக்க வேண்டியதில்லை, எனவே ஹீமோகுளோபினும் தேவையில்லை. மண்புழு தோலால் சுவாசிக்கிறது. தோலில் வாங்கியதை உள்ளே கொண்டுசெல்ல இரத்தம் வேண்டும். சுவாசப் பாடமும் சுற்றோட்டப் பாடமும் வெவ்வேறு அல்ல என்பது எனக்கு இந்த ஒரு கேள்வியால்தான் புரிந்தது.

ஆத்தூர்க்காரன் | ஏப்ரல் 22

வேதியியல் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சேர்க்கிறேன். மரவள்ளி இலையை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடு இறந்துபோவதை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவர். அந்தச் செடியில் லினமாரின் என்ற பொருள் செல்லின் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. மென்றால் செல் உடைந்து இரண்டும் கலந்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. செல்லுக்குள் ஏன் இத்தனை அறைகள், சவ்வுகள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஆடுதான் விடை. சயனைடு தாக்குவது மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் எலக்ட்ரான் கடத்தலின் கடைசிப் படியை. ஆக, செல் பாடமும் நொதியும் சுவாசமும் ஓர் இலையில் வந்துவிட்டன.

ஓமலூர் தாய் | ஏப்ரல் 23

அப்படியென்றால் நான் தினமும் அரைத்து வைக்கும் இட்லி மாவும் பாடம்தானா? இந்த வெயிலுக்கு நான்கு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. மார்கழியில் விடிய விடியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அஸ்தம்பட்டி மருத்துவ மாணவி | ஏப்ரல் 23

ஆம் அம்மா, நொதித்தல் பாடம். மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு உண்டு. அது லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியிடுகிறது. புளிப்பு அமிலத்தால், பொங்குவது வாயுவால். நொதிகள் வெப்பத்துக்கேற்ப வேகம் மாறுவதை மகன் அளந்து பார்க்கட்டும்: ஒரே மாவை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும், ஒன்றைச் சமையலறை மேடையிலும், ஒன்றை மொட்டை மாடியில் நிழலிலும் வைத்து, மணிக்கொரு முறை உயரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைபடத் தாளில் மூன்று கோடுகள் கிடைக்கும்.

ஏற்காட்டுத் தோட்டத்துப் பிள்ளை | ஏப்ரல் 25

தாமதமாக வருகிறேன். காப்பித் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது இளநிலைத் தாவரவியல் படிக்கிறேன். கன்னங்குறிச்சியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே சேர்வராயன் மலை தெரியும். ஒரு நாள் பேருந்தில் ஏறி வந்துவிடுங்கள். மே மாதம் கோடை விழா நாட்களில் மட்டும் வர வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் நிற்கும், பூவைப் பார்க்க முடியாது, மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம்.

முதலில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் காப்பகத்துக்குப் போங்கள். மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் தொங்கு வேர்களைக் கவனியுங்கள். உலர்ந்திருக்கும்போது சாம்பல் வெள்ளையாக இருக்கும், தண்ணீர் பட்டதும் பச்சையாகும். வெளியே உள்ள வெலாமன் என்ற பஞ்சுபோன்ற திசு நீரை உறிஞ்சியதும் உள்ளிருக்கும் பச்சை தெரிவதால் அப்படி ஆகிறது. மேகாலயாவைச் சேர்ந்த நெபந்தஸ் காசியானா என்ற குடுவைத் தாவரமும் அங்கே வளர்க்கப்படுகிறது. குடுவையைப் பூ என்று நினைத்துக்கொண்டு படம் எடுப்பவர்களே அதிகம். அது இலை, இலைத்தாள் குடுவையாகவும், நடுநரம்பு பற்றுக்கம்பியாகவும், நுனி மூடியாகவும் மாறியிருக்கிறது. ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றாம் பாடத்தின் கடைசிப் பகுதி இதுதான்.

பிறகு ஏதாவது ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி இன்று மலை முழுவதும் பரவியிருக்கிறது. காப்பி இலைகள் எதிரெதிராக இருக்கும். இரண்டு காம்புகளுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு சிறு செதில் தெரியும். அந்தச் செதிலைப் பார்த்தே ரூபியேசி குடும்பம் என்று சொல்லிவிடலாம். எங்கள் தோட்டத்தில் அராபிகாவும் கொஞ்சம் ரொபஸ்டாவும் உண்டு. அராபிகாவுக்கு 44 குரோமோசோம், ரொபஸ்டாவுக்கு 22. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ரொபஸ்டா காய்க்க வேறு செடியின் மகரந்தம் வேண்டும். காப்பிப் பழத்தில் வழக்கமாக இரண்டு விதைகள் இருக்கும், ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் தட்டையாக; ஒன்று வளராமல் போனால் மற்றது உருண்டையாகிவிடும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதில் ஏறியிருக்கும் மிளகு நம்முடையது. மிளகுக் கொடி கணுவில் விடும் வேர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரப்பட்டைகளில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருப்பவை லைக்கன்கள். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்பவை, கந்தக டை ஆக்ஸைடு மிகுந்த காற்றில் வாழ மாட்டா. சேலம் நகரின் சாலையோர மரங்களில் எத்தனை பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இருசொற்பெயரிடுமுறை பாடம் மாணவர்களுக்கு வறட்சியாகத் தோன்றும். எங்கள் மலைக்கே உரிய ஒரு மரம் இருக்கிறது. கேம்பிள் என்ற தாவரவியலாளர் அதற்கு வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று பெயரிட்டார். "-என்சிஸ்" என்ற ஈறு இடத்தைக் குறிக்கும். சேர்வராயனின் பெயர் லத்தீனாகி ஒரு மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து பெயர்களை நான் சலிப்போடு பார்த்ததில்லை.

கன்னங்குறிச்சி மாணவி | மே 8

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

சொல் நோட்டில் 130 சொற்கள் சேர்ந்துவிட்டன. வேதியியலை ஆறு நாட்களில் திருப்பினேன். அப்பா பட்டறையிலிருந்து கண் வில்லை கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக் கடையில் வாங்கிய அயோடின் கரைசலை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து, ஜவ்வரிசி, மாங்காய், மாம்பழம் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். ஜவ்வரிசி கருநீலமாயிற்று, மாங்காயும் கறுத்தது, நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் நிறம் ஏறவே இல்லை. ஸ்டார்ச் சர்க்கரையாக மாறிவிட்டது என்று எழுதிக்கொண்டேன். சோதித்த துண்டுகளை எறிந்துவிட்டேன், தம்பிக்குத்தான் வருத்தம்.

சந்தேகம் சங்குப்பூவைப் பற்றியது. எதிர்வீட்டு மதில்மேல் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவில் நான்கு பூக்களைப் பிரித்தேன். எதிலும் சிறகல்லி, படகல்லி என்ற வேறுபாடே இல்லை. ஐந்து அல்லிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியாக, அகலமாக, அடுக்கடுக்காக இருக்கின்றன. மகரந்தத்தாள்களை எண்ணினால் பத்து வருகின்றன, ஆனால் ஒன்பது இணைந்தவையாக இல்லை, தனித்தனியாக நிற்கின்றன. நான் பிரித்ததில் தவறா, புத்தகத்தில் தவறா?

ஆத்தூர்க்காரன் | மே 8

தேர்வில் ஒன்பதும் ஒன்றும் என்றே எழுது.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் | மே 9

தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் நீ பார்த்ததும் சரி. உனக்குக் கிடைத்தது அடுக்குச் சங்குப்பூ. அழகுக்காக வீடுகளில் அதைத்தான் விரும்பி வளர்க்கிறார்கள். அந்த வகையில் ஐந்து அல்லிகளும் கொடியல்லி போலவே மாறிவிடுகின்றன; இருபக்கச் சமச்சீர் போய் ஆரச்சமச்சீர் (நடுவின் வழியே எப்படி வெட்டினாலும் இரு சம பாதிகள்) வந்துவிடுகிறது, மகரந்தத்தாள்களும் பிரிந்துவிடுகின்றன. மாணவர்கள் செய்முறை வகுப்புக்கு இதைப் பறித்துக்கொண்டு வந்து நின்றதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் பூவைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தே "ஒன்பது, ஒன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீ எழுதவில்லை. ஒற்றை அடுக்குள்ள பூவைத் தேடு. வேலிகளில் தானாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைந்து வை.

மாம்பழத்தில் முடிவு சரி. அடுத்த முறை காய், செங்காய், பழம் என மூன்று நிலைகளிலும் பார்.

கன்னங்குறிச்சி மாணவி | மே 13

மூக்கனேரிக் கரைக்குப் போகும் வழியில் ஒரு முள்வேலியில் ஒற்றைச் சங்குப்பூ கிடைத்தது, ஐயா. மூன்று பூக்களைப் பிரித்தேன். மூன்றிலும் ஒன்பது சேர்ந்தும் ஒன்று தனித்தும் இருந்தன. சூலகத்தை ஊசியால் நெடுகக் கிழித்தபோது சூல்கள் ஒரே ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்தன.

ஆனால் இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் கொடியல்லி மேல்பக்கம் இருக்கும் என்று படித்தேன். அவரைப் பூவிலும் அப்படித்தான் இருக்கிறது. செடியில் இருக்கும் சங்குப்பூவைப் பார்த்தால் அந்தப் பெரிய அல்லி கீழ்ப்பக்கம் விரிந்திருக்கிறது. பூ தலைகீழாக இருக்கிறதா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் | மே 13

தலைகீழாகத்தான் இருக்கிறது. சங்குப்பூவின் பேரினத்தில் மலர் திரும்பிவிடுகிறது. மேலே இருக்க வேண்டிய கொடியல்லி கீழே வந்து, வண்டு இறங்கும் மேடையாகிவிடுகிறது. ஆர்க்கிட்டுகள் பலவற்றிலும் இதே திருப்பம் உண்டு. ஆர்க்கிட் பூவுக்குப் பின்னால் இருக்கும் சூலகத்தைப் பார்த்தால் முறுக்கிய கயிறுபோலத் தெரியும். ஏற்காட்டுக்கு எப்போது போகிறாய்?

கன்னங்குறிச்சி மாணவி | மே 14

கோடை விழா முடிந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை, ஐயா. அப்பாவுக்கு அன்று பட்டறை விடுமுறை. கண் வில்லையையும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

ஏற்காட்டுத் தோட்டத்துப் பிள்ளை | மே 14

காலை முதல் பேருந்திலேயே ஏறிவிடுங்கள்; பதினொரு மணிக்குமேல் மூடுபனி இறங்கினால் லைக்கன் தெரியாது. குடை கொண்டுவாருங்கள்.